பாவாடை சாப்பிட்ட பீட்ஸா

மரக்காணம் உப்பளத்தில் போய் இப்போது பாவாடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, பீட்ஸாவா? அதோ, கடைசிப் பாத்தியில நிக்குது பாரு" என்று கையைக் காட்டுவார்கள். டீக்கடையில் கிளாஸை நீட்டும்போதே, "இன்னா பீட்ஸா, சக்கர கம்மியா?" என்று கேட்கிறார்கள். அவரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனாலும் அந்தப் பெயரை வைத்தவனுக்கு இன்னும் வாய் அழுகாமல் இருக்கிறதே என்றுதான் எனக்கு ஆச்சரியம். ஒரு மனுஷன் பட்டணத்துக்குப் போய் ஆயுசில் ஒரே ஒரு தடவை பீட்ஸா சாப்பிட்டது அவ்வளவு பெரிய குற்றமா?

குற்றம்தான் என்று பாவாடையே நினைக்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். மீசை முளைக்கும் முன்பே உப்பில் கால் வைத்தவர். தை பிறந்து மழைத்தண்ணீர் வடிந்ததும் பாத்திக்குள் இறங்கித் தரை இறுகும்வரை மிதிக்க வேண்டும். தண்ணீர் கட்டி, அது வெயிலில் சுண்டி உப்புப் பூத்ததும் நீளக் கழி வைத்த பலகையால் இழுத்து இழுத்து வரப்பில் சேர்க்க வேண்டும். அவர் இழுத்துச் சேர்ப்பதை அவர் மனைவி அம்சவல்லி கூடையில் வாரித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவாள். வெயில் தலைக்கு மேலும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். இரண்டு பேருக்கும் உள்ளங்கை, விரலிடுக்கு, குதிகால் எல்லாம் வெடிப்பு. ரசம் சோற்றில் கை வைத்தால் சுரீர் என்று உச்சிக்கு ஏறும். அதனால் வீட்டில் பாவாடை ஸ்பூனால்தான் சாப்பிடுவார். கல்யாணம், காதுகுத்து என்று போகிற இடத்தில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் சாப்பிடுவார். பந்தியில் ஸ்பூன் கேட்டால் சிரிப்பார்கள் இல்லையா?

ஒரே பெண், வினோதினி. அவள் காலில் உப்புத்தண்ணீர் படவே கூடாது என்று பாவாடை பிடிவாதமாக இருந்தார். பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தவள், விளையாட்டாகக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துப் பார்த்தாள். பாவாடை ஓடிவந்து கூடையைப் பிடுங்கி எறிந்தார். உப்பெல்லாம் சேற்றில் போயிற்று. முதலாளியிடம் வாங்கிய திட்டு தனிக் கதை. அந்தப் பெண் திண்டிவனத்தில் காலேஜ் படித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலைக்குப் போய், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

அங்கேதான் பிரபாகரன் வந்து சேர்ந்தான். அதே ஆபீஸ். விஷயத்தை அம்சவல்லி மெல்ல அவிழ்த்தபோது பாவாடை சாமி வந்தவர் போல் குதித்தார். சோற்றுத் தட்டைத் தள்ளினார். "உன் வளர்ப்பு" என்று பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஓய்ந்த பிறகு, சுவரைப் பார்த்தபடியே, "பையன் எந்த ஊராம்?" என்று கேட்டார்.

"மடிப்பாக்கத்துல சொந்த வீடாம். அப்பாரு பஞ்சநாதன்னு, ரிட்டையர் ஆயிட்டாராம். அவருக்குப் பூர்வீகம் நம்ம பெருமுக்கல்தானாம்."

"பெருமுக்கல்லா?" பாவாடை திரும்பி உட்கார்ந்தார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி? நம்ம பக்கத்து ஆளுங்க!"

விசாரித்ததில் ஜனமும் நம் ஜனம்தான் என்று தெரிந்தது. அப்புறம் ஏன் கோபம்? போன கோபம் போனதுதான். ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. வானூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அவர் தங்கை செல்லம்மாள், தன் மகன் வெற்றிச்செல்வனுக்கு வினோதினியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் ஆரோவில்லில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறான். குடி கிடையாது, பீடி கிடையாது. பாவாடை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூடப் பிறந்தவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று இருந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போனாலும் சரி, மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனாலும் சரி, காப்பித்தண்ணி குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள். பேச்சு முடியாமல் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார்கள். கை நனைக்கிறது என்று அதற்குப் பெயர். கை நனைத்துவிட்டால் சம்மதம். அதற்குப் பிறகு மாற்றிப் பேசுகிறவனை மனுஷன் என்று ஊர் மதிக்காது. பாவாடையே ஒருமுறை தங்கைக்காகச் செஞ்சிப் பக்கம் மாப்பிள்ளை பார்க்கப் போய், கறிக்குழம்பு வாசனை மூக்கைத் துளைக்க, வயிறு கூப்பாடு போட, "சேதி சொல்லி அனுப்புறோங்க" என்று எழுந்து வந்தவர்தான். பஸ் ஸ்டாண்டில் நாலு வாழைப்பழம் தின்றுவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஆனி மாதத்தில் வினோதினி போன் பண்ணினாள். "ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் வாங்கப்பா. பிரபா வீட்ல உங்களப் பார்க்கணும்னு சொல்றாங்க."

"வீட்டுக்கு வரணுமா?"

"வீட்டுக்கு இல்லப்பா, வெளில. அவங்கம்மா ஒரு கடை சொல்லியிருக்காங்க. சென்னையிலேயே பெஸ்ட் பீட்ஸா அங்கதானாம். நாம எல்லாம் டேஸ்ட் பண்ணிப் பார்க்கணும்னு சொன்னாங்க."

பாவாடைக்கு ஒன்றும் புரியவில்லை. "கடையிலயா சம்பந்தம் பேசுவாங்க?"

"சிட்டில எல்லாம் அப்படித்தாம்ப்பா."

அம்சவல்லிக்கு மட்டும் அப்போதே முகம் சுண்டிப் போயிற்று. "வீட்டுக்குக் கூப்பிடாதவன் இன்னா சம்பந்தி?" என்றாள். பாவாடை ஒரு அதட்டுப் போட்டார். பட்டணத்தில் பிறந்தநாள் கடையில், சஷ்டியப்தபூர்த்தி மண்டபத்தில், சாவுச் சாப்பாடு கூட ஆர்டரில். சம்பந்தம் மட்டும் வீட்டிலா பேசுவார்கள் என்று அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டார். ஆசை வந்துவிட்டால் நியாயத்துக்கா பஞ்சம்?

கடை அடையாறு பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலிலேயே பெஞ்சு போட்டு ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். சோப்புப் போட்டு வெளுத்த வேட்டியும் கஞ்சி போட்ட சட்டையுமாகப் பாவாடை, பீரோவில் இருந்த பட்டுப்புடவையில் அம்சவல்லி. உள்ளே ஏசி குளிர். ஒரு மூலையில் செங்கல் அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பையன் நீளக் கழி வைத்த பலகையை உள்ளே விட்டுப் பீட்ஸாவை இழுத்து எடுத்தான். "அட, நம்ம பலக மாதிரியே இருக்குது" என்று பாவாடை வினோதினியிடம் சொன்னார். அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பையனின் அம்மா வைஜெயந்தி பார்க்க நல்ல களையான அம்மாள். "வாங்க சார், உட்காருங்க. இந்தக் கடைக்குப் பெங்களூர்லருந்து எல்லாம் வர்றாங்க. நாங்க மூணு கடை டேஸ்ட் பண்ணிட்டோம். இதுக்கு ஈடே இல்ல" என்றாள். பேச்செல்லாம் பீட்ஸாவைப் பற்றித்தான். அந்தக் கடையில் மேல்பக்கம் நன்றாக இருக்கும், அடியில் மாவாக இருக்கும். இந்தக் கடையில் ஓரம்கூட மொறுமொறு என்று இருக்கும். பாவாடை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பெண் என்ன சமைப்பாள், எத்தனை பவுன் போடுவீர்கள், ஒரு கேள்வி இல்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று அவருக்கு நெஞ்சு விம்மிற்று. வாங்குகிற எண்ணம் இல்லாதவன் விலை கேட்க மாட்டான் என்று அந்த மனுஷனுக்கு அப்போது தோன்றவில்லை.

மூன்று தினுசு வந்தது. ஒன்று வெறும் தக்காளியும் சீஸும், ஒன்று காளான், ஒன்று கோழி. மேஜை முழுக்க ஆவி.

அம்சவல்லி மேஜைக்கு அடியில் புருஷன் தொடையைக் கிள்ளினாள். "கைய வெக்காத. இன்னும் ஒரு பேச்சும் பேசல" என்று வாய்க்குள் முனகினாள்.

பாவாடையும் கையை மடியிலேயேதான் வைத்திருந்தார். அப்போது பஞ்சநாதன் எழுந்தார். தானே ஒரு துண்டை எடுத்து, பாவாடையின் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க சார்" என்றார்.

பாவாடை அந்தத் துண்டைப் பார்த்தார். பெருமுக்கல்லில் பிறந்த ஆள், தன் கையாலேயே பரிமாறி, சாப்பிடுங்க என்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆளுக்குத் தெரியாதா? எதிரில் பிரபாகரன் புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தான். வினோதினி அப்பாவின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை நனைக்கிற வழக்கம் அவளுக்கும் தெரியும், கேட்டு வளர்ந்தவள். அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்த பிறகு எந்தத் தகப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

எடுத்துக் கடித்தார். சீஸ் நூலாக இழுபட்டு மோவாயில் ஒட்டிக்கொண்டது. வெட்கத்தோடு துடைத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே இருந்தது. அடுப்பில் தீய்ந்த ஓரத்துக்குத் தோசை முறுகல் வாசனை. புளிப்பும் கொழுப்புமாக நாக்கில் இறங்கியது. எல்லாவற்றையும்விட, வெடித்த விரலில் எரியவில்லை. வெளி இடத்தில் கை எரியாமல் அவர் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டிற்று. அம்சவல்லியும் வேறு வழியில்லாமல் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப மத்தத எல்லாம் எப்ப பேசலாங்க?" என்று பாவாடை கேட்டார்.

பஞ்சநாதன் டிஷ்யூவில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "ஆடி வருது பாருங்க சார். கழியட்டும்."

"அதுவும் சரிதாங்க. ஆடியில இன்னா பேச்சு!"

திரும்பும்போது பஸ் மகாபலிபுரம் தாண்டியதும் அம்சவல்லி சொன்னாள்: "சம்பந்தின்னு ஒரு வார்த்த வரல. அண்ணேன்னு வரல, மாமான்னு வரல. கடசி வரைக்கும் சாரு, சாருன்னாங்க."

"சிட்டில அப்படித்தாம்மே கூப்பிடுவாங்க. வாய வெச்சிக்கினு சும்மா வா."

அதற்குப் பிறகு பாவாடைக்குத் தலைகால் புரியவில்லை. பாத்தியில், டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், எங்கும் அதே பேச்சு. "கை நனைச்சிட்டோம்ப்பா! சும்மா சோறு கொழம்பு இல்ல, பீட்ஸா! சென்னையிலேயே பெஸ்ட்டு. சம்பந்தியே எழுந்து நின்னு எந்தட்டுல வெச்சாரு." அடுப்பு எப்படி எரிந்தது, சீஸ் எவ்வளவு நீளம் இழுபட்டது என்று கையை விரித்துக் காட்டுவார். கேட்டவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அன்றைக்கு வாயைப் பிளந்தவர்கள்தான் பின்னால் பெயர் வைத்தவர்கள்.

சேதி கேட்டுச் செல்லம்மாள் வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"ஏண்ணே, எனக்கு ஒரு பதில் சொல்லிட்டு அப்பறம் போயி கை நனைக்கக் கூடாதா?"

"பொண்ணு இஷ்டப்பட்டுச்சு செல்லம்மா. பெரிய எடம். அவங்க வாங்கிக் குடுத்த பீட்ஸாவ நீ பார்த்திருக்கணுமே..."

"எம்புள்ள தெனம் நூறு பீட்ஸா சுட்டு வெள்ளக்காரனுக்குக் குடுக்குறான். போன வருசம் உனக்கும் ஒண்ணு டப்பால போட்டு எடுத்தாந்தான். வேணாம், தொட்டா கை நனைச்ச மாதிரி ஆயிடும்னு நீ திருப்பி அனுப்பல? அதே மாவு, அதே அடுப்புதான? மெட்ராஸ்காரன் குடுத்தா இனிக்குதா?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு போனாள். ஆவணி பிறந்ததுமே வெற்றிச்செல்வனுக்கு வேறு இடத்தில் நிச்சயம் பண்ணிவிட்டாள். அண்ணனுக்குச் சொல்லவில்லை. கூடப் பிறந்தவள் வீட்டு விசேஷம் ஊரார் சொல்லித்தான் பாவாடைக்குத் தெரிந்தது.

ஆடி கழிந்தது. பஞ்சநாதன் வீட்டிலிருந்து போன் வரவில்லை. பாவாடை போட்டால் மணி அடித்து ஓய்ந்தது. வினோதினியின் குரல் வரவர இறங்கியது. "பிரபா சரியாவே பேச மாட்றான்ப்பா. கேட்டா அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்றான். லஞ்சுக்கு வேற டீமோட போயிட்றான்." பாத்தியிலும், "இன்னா பாவாட, பத்திரிக எப்ப?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கேட்கிற தொனியே ஒரு மாதிரி இருந்தது.

கடைசியில் பாவாடை ஒரு முடிவுக்கு வந்தார். கை நனைத்த வீடு. முறையாக நாம் போய்க் கேட்பதில் என்ன மானக்கேடு? ஞாயிற்றுக்கிழமை போனால் மனுஷர் வீட்டில் இருப்பார். நல்ல காரியத்துக்குப் போகும்போது உப்பும் மஞ்சளும் முதலில் போக வேண்டும். தன் கையாலேயே பாத்தியில் வெள்ளை வெளேர் என்று பூத்ததாகப் பார்த்துப் பொறுக்கி, காயவைத்து, ஒரு புதுத் துணிப்பையில் கொட்டினார். மேலே இரண்டு கொம்பு மஞ்சளை வைத்தார். அம்சவல்லி தடுக்கவில்லை. சட்டையில் பட்டன் பிய்ந்திருந்ததைத் தைத்துக் கொடுத்தாள்.

வினோதினி திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மடிப்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அவளும் வருகிறேன் என்றதற்கு, "பெரியவங்க பேசுற எடம், நீ வேணாம்" என்றுவிட்டார்.

"நான் இங்கயே இருக்கேன்ப்பா. திரும்பி வந்து சொல்லு" என்றாள். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "அப்பா, அவங்க சாப்பிடச் சொன்னாங்கன்னா வேணாம்னு சொல்லாத. கை எரிஞ்சாலும் பரவால்ல, சாப்ட்டுட்டு வா."

"சாப்பிடுறேம்மா. அதுக்குத்தானே போறேன்."

மடிப்பாக்கத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. வாசல் முழுக்கச் செருப்பு. இரண்டு கார். வடை வாசனை தெரு முனை வரைக்கும் வந்தது. ஏதோ விசேஷம் போலிருக்கிறது, நமக்குச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே பாவாடை படியேறினார். கதவு திறந்தே கிடந்தது.

கூடத்தில் வாழை இலை போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. பட்டுப்புடவையும் நகையுமாகப் பத்துப் பதினைந்து பேர். நடுவில் தலை நிறையப் பூ வைத்து ஒரு பெண், அவளுக்கு எதிர் இலையில் புதுச் சட்டையில் பிரபாகரன். பஞ்சநாதன் சாம்பார் வாளியோடு குனிந்து, "நல்லா சாப்பிடுங்க சம்பந்தி, கூச்சப்படாதீங்க" என்று ஒரு பெரியவரை உபசரித்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி. எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை அந்த வாயில்!

பாவாடை கையில் பையோடு நிலைப்படியில் நின்றார். பிரபாகரன்தான் முதலில் பார்த்தான். பார்த்தான், பார்த்துவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டான். பொரியலை எடுத்து வாயில் வைத்தான். அந்தச் சோறு அவனுக்கு எப்படித் தொண்டையில் இறங்கியதோ!

அந்தச் சம்பந்திப் பெரியவர் நல்ல மனுஷன் போலிருக்கிறது. "வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்களே, கூப்பிடுங்க" என்றார்.

வைஜெயந்தி சமையலறையிலிருந்து அப்பளத் தட்டோடு வந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பையைப் பார்த்தாள். பைக்குள் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்தாள். முகம் உடனே சிரிப்புக்கு மாறிவிட்டது.

"அட, வாங்கண்ணே! எங்க ஊரு பக்கத்துக்காரரு. வருசா வருசம் இப்படித்தான் உப்பு கொண்டாந்து போட்டுட்டுப் போவாரு. பின்னால சந்து வழியா போயி வெச்சிடுங்கண்ணே."

அண்ணே. பீட்ஸா கடையில் வராத அண்ணே இப்போது வருகிறது.

"அவரையும் ஒரு இலையில உட்காரச் சொல்லுங்கம்மா. நல்ல நாள்ல வந்திருக்காரு" என்றார் பெரியவர்.

"அவரு வெளில எங்கயும் கை நனைக்க மாட்டாருங்க" என்றாள் வைஜெயந்தி.

அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பையை நடுக்கூடத்தில் விட்டெறிந்து, "எம்பொண்ணுக்கு என்னடா பதில்?" என்று கேட்டிருப்பீர்கள். பாவாடைக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அங்கே தலை நிறையப் பூ வைத்திருந்த பெண் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். வினோதினி வயசு. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் இலையில் பாயசம் அப்படியே இருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. வாழ்நாளெல்லாம் சொன்ன இடத்தில் உப்பைக் கொண்டுபோய் வைத்துப் பழகின கால் சந்துப் பக்கம் திரும்பிற்று. பின்பக்கம் துணி துவைக்கிற கல்மேல் பையை வைத்தார். மஞ்சள் கொம்புகளை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பஞ்சநாதன் கை கழுவிக்கொண்டு பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பையன் ஒத்தக் கால்ல நின்னான். ஒரு தடவ பார்த்துடலாம், அவனும் அடங்குவான்னு வைஜெயந்திதான் சொன்னா."

"கை நனைச்சமேங்க."

"அது கடை சார். அதுக்குத்தானே வீட்டுக்குக் கூப்பிடாம கடைக்குக் கூப்பிட்டோம்? நாளைக்கு ஒருத்தருக்கொருத்தர் பேச்சு வரக் கூடாது பாருங்க. நீங்களும் நம்ம ஊர்ப் பக்கம், உங்களுக்குத் தெரியாததா?"

அப்போதுதான் பாவாடைக்கு முழுசாக விளங்கிற்று. பட்டணத்து ஆட்களுக்கு வழக்கம் தெரியாது, அதனால் நேர்ந்த பிசகு என்று யாராவது சொல்லியிருந்தால்கூட அவர் மன்னித்திருப்பார். தெரிந்தே செய்திருக்கிறார்கள். நம்மூர் வழக்கத்தை நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து, அந்த ஓட்டைக்குள் ஒரு பீட்ஸாவை வைத்து நீட்டியிருக்கிறார்கள். அது தெரியாமல் கண்ணில் தண்ணீர் முட்ட உட்கார்ந்து தின்றுவிட்டு, தங்கையை வாசலோடு அனுப்பிவிட்டு, ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

"பெருமுக்கல்ல பொறந்தவராய்யா நீ?" என்றார்.

பஞ்சநாதன் கேட்டைத் திறந்துவிட்டார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் பாவாடை நின்றுகொண்டே வந்தார். கம்பியைப் பிடித்த கையில் வெடிப்பு வலித்தது. வினோதினியிடம் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது? பையனுக்கு ஜாதகம் சரியில்லையாம் என்று சொல்லலாமா? அவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லலாமா? எத்தனை நாளைக்கு?

திருவான்மியூரில் இறங்கினார். அவள் பழக்கடைப் பக்கம் நிழலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஜனத்துக்குள் புகுந்து ஓடிவந்தாள். அவள் பார்வை முதலில் அவர் முகத்துக்குப் போகவில்லை. வலது கையைப் பார்த்தாள். அந்தக் கையை அவர் சட்டைப் பைக்குள் விட்டு மஞ்சள் கொம்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியாப்பா?"

பிறந்ததிலிருந்து அந்தப் பெண் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. ஹாஸ்டலிலிருந்து தினமும் போனில் கேட்கிற கேள்வி. பசித்தாலும் ஆச்சும்மா என்று சொல்லிப் பழகியவர் அவர். இன்றைக்கும் ஆச்சும்மா என்று சொன்னால், இந்த ஒரு சாயங்காலமாவது அவள் சந்தோஷமாக இருப்பாள். வாயைத் திறந்தார். ஏற்கெனவே ஒரு தடவை சாப்பிட்டதை நம்பித்தான் இவள் இங்கே நிற்கிறாள்.

"இல்லம்மா" என்றார்.

புதுச்சேரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மரக்காணம், மரக்காணம் என்று கூவினார். வினோதினி அப்பாவின் கையைப் பிடித்து ஜன்னல் ஓரத்து சீட்டில் உட்கார வைத்தாள். கீழே இறங்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து மரக்காணத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினாள்.